ராத்திரியில காய்ச்சல்: விடியுற வரைக்கும் பொறுக்கலாமா, உடனே கிளம்பணுமா?

கரிசல்காட்டு_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கோம். மகனுக்கு ஒரு வயசு எட்டு மாசம், எடை பத்து கிலோ. அவங்கப்பாவுக்குத் திருப்பூர்ல வேலை, மாசத்துக்கு ஒருதடவைதான் வர முடியும். வீட்டுல நான், அத்தை, மாமா.

மழை ஆரம்பிச்சதுல இருந்து பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருது. பகல்ல ஓரளவு விளையாடுறான். விளக்கு வச்சதுக்கப்புறம் உடம்பு கொதிக்குது. போன தடவை தெர்மாமீட்டர்ல 103 காட்டுச்சு. பதறிப்போய் ஆட்டோ பிடிச்சு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனா, "சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், பயப்படாதீங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தா மாமா, "நான் அப்பவே சொன்னேன்ல"ங்கிறாங்க.

ஆனா பக்கத்துத் தெருவுல இவன் வயசுப் பிள்ளைக்கு 100 காய்ச்சல்தான் இருந்துச்சு. சளின்னு நினைச்சு வீட்டுலயே வச்சிருந்தாங்க. கடைசியில திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வச்சுக் காப்பாத்தியிருக்காங்க. நிமோனியாவாம்.

103-க்கு ஒண்ணுமில்ல, 100-க்கு ஆக்சிஜன். அப்போ நான் எதைப் பார்த்து முடிவு பண்றது? ராத்திரி பதினோரு மணிக்கு, சொல்லித் தர ஆள் இல்லாத நேரத்துல, "இப்பவே கிளம்பணும்", "காலையில போகலாம்"னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சிறுவாணித்தண்ணி எழுதியது:

எங்க குழந்தை டாக்டர் முதல் நாளே சொன்னது ஒண்ணுதான். மூணு மாசம் முடியாத குழந்தைக்கு 100.4 வந்துட்டா வேற எதையும் யோசிக்காம, எந்த நேரமா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துரணும். உங்க பையன் அந்த வயசைத் தாண்டிட்டான், அதனால கொஞ்சம் நிதானிக்க இடம் இருக்கு. சந்தேகமா இருந்தா 104-ங்கிற அரசு மருத்துவ உதவி நம்பருக்கு போன் பண்ணிக் கேளுங்க. ராத்திரியிலும் எடுப்பாங்க.

பனங்காடு எழுதியது:

எங்க பக்கம் பிள்ளை சாப்பிடாம, பால் கக்கிக்கிட்டுக் காய்ச்சலோட இருந்தா முதல்ல தொக்கம் எடுக்கிற, அதாவது உள்ள சிக்கியிருக்கிற சாப்பாட்டை எடுத்து விடுறேன்னு சொல்ற பாட்டிகிட்டதான் தூக்கிட்டுப் போவோம். எனக்கே சின்ன வயசுல எடுத்திருக்காங்க. அதையும் ஒருதடவை பார்த்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரி போகலாமே அம்மா.

இரவுப்பணி_சிஸ்டர் எழுதியது:

அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவ நான். பெரும்பாலும் நைட் டூட்டிதான் பார்த்தேன். நீங்க கேட்டிருக்கிற கேள்வியோடதான் தாய்மார் வார்டு வாசல்ல வந்து நிப்பாங்க. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் தங்கச்சி.

103-க்கும் 100-க்கும் நடந்ததைப் பார்த்துக் குழம்பாதீங்க. தெர்மாமீட்டர் சூட்டைத்தான் சொல்லும், நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னு சொல்லாது. 103 காய்ச்சலோட வார்டுல ஓடி விளையாடுற பிள்ளையும் உண்டு, 99-ல துவண்டு கிடக்கிற பிள்ளையும் உண்டு. மேல சிறுவாணித்தண்ணி சொன்ன மாதிரி மூணு மாசத்துக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு மட்டும் அந்த எண்ணே போதும், கிளம்பிரணும். பச்சைக் குழந்தைக்கு இன்னொண்ணும் இருக்கு. உடம்பு சில்லுன்னு ஆகி, பால் இழுத்துக் குடிக்காம கிடந்தா, காய்ச்சலே இல்லாட்டியும் அது ஆபத்துதான்.

உங்க மகன் வயசுக்கு வருவோம். காய்ச்சல் அடிச்சா முதல்ல பாராசிட்டமால் கொடுங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம், அதாவது பத்து கிலோவுக்கு 150. இங்கதான் கவனம் வேணும். 5 மில்லியில 120 இருக்கிற சிரப்பும் விக்குது, 250 இருக்கிற சிரப்பும் விக்குது. முதல் பாட்டில்ல உங்க பையனுக்கு ஆறு மில்லி கிட்ட வரும். ரெண்டாவதுல மூணு மில்லிதான். சொட்டு மருந்துன்னா ஒவ்வொரு மில்லியிலயும் 100 மில்லிகிராம் இருக்கும், அதை சிரப் அளவுக்கு ஊத்தினா ஈரல் கெட்டுப்போகலாம். "ஒரு மூடி கொடுங்க"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. லேபிளைப் படிச்சு, சிரிஞ்சுல அளந்து கொடுங்க. ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்க, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம்.

கொடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு பிள்ளையைப் பாருங்க. சூடு கொஞ்சம் தணிஞ்சதும் கண்ணு முழிச்சு, உங்க முகத்தைப் பார்த்து, தண்ணியோ பாலோ கேட்டு வாங்கிக் குடிச்சு, கையில கிடைச்சதை இழுத்தான்னா, கீழ நான் சொல்றது எதுவும் இல்லாத பட்சத்துல விடியுற வரைக்கும் வீட்டுல வச்சுப் பார்க்கலாம். சூடு இறங்கின பிறகும் தோள்ல தலை தொங்குது, கூப்பிட்டா திரும்பல, ஊசி போட்டாக்கூட சிணுங்கிட்டு மறுபடி சொருகிடுறான்னா மணியைப் பார்க்காதீங்க, கிளம்புங்க. வீறிட்டு அழுற பிள்ளையை நாங்க வரிசையில கொஞ்சம் உக்கார வைப்போம். சத்தமில்லாம அம்மா மடியில கிடக்கிற பிள்ளையைத்தான் முதல்ல வாங்கி உள்ள கொண்டுபோவோம்.

எங்களுக்குப் பயிற்சியில நாலு விஷயத்தை மனப்பாடமாவே ஏத்தியிருந்தாங்க: பிள்ளை எதையுமே குடிக்க முடியாம இருக்கிறது, உள்ள போறது எல்லாத்தையும் வாந்தி எடுக்கிறது, வலிப்பு வந்தது, நினைவு மங்கி சோர்ந்து கிடக்கிறது. நாலுல ஒண்ணு இருந்தாலும் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி.

மூச்சைப் பத்தித் தனியாச் சொல்லணும். பக்கத்துத் தெருப் பிள்ளை விஷயத்துல எல்லாரும் காய்ச்சலைப் பார்த்தாங்க, சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்க்க யாருக்கும் தோணலைன்னு நினைக்கிறேன். நிமோனியாவை வீட்டுலயே சந்தேகப்பட ஒரு வழி இருக்கு, அதுக்கு மிஷின் எதுவும் வேண்டாம். பிள்ளை தூங்கும்போதோ மடியில அமைதியா இருக்கும்போதோ பாருங்க. அழும்போது எண்ணினா கணக்கு தப்பிரும். காய்ச்சலும் மூச்சை வேகமாக்கும், அதனால சூடு தணிஞ்ச பிறகு இன்னொருதடவை எண்ணுங்க. ட்யூப்லைட்டைப் போட்டு, சட்டையை நெஞ்சு வரைக்கும் ஏத்திவிட்டு, வயிறு ஒருதடவை மேல ஏறி இறங்கினா ஒண்ணுன்னு போன்ல டைமர் வச்சு முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. அரை நிமிஷம் எண்ணி ரெட்டிக்காதீங்க, சின்னப் பிள்ளைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது.

ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு 60-ம் அதுக்கு மேலயும் இருந்தா வேகம். ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50. ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. உங்க பையனுக்கு 40-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, சூடு தணிஞ்ச பிறகும் அந்த வேகம் இருந்தா விடியுற வரைக்கும் வச்சுப் பார்க்காதீங்க. எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழ, நெஞ்சும் வயிறும் சேர்ற இடத்தைப் பாருங்க. மூச்சை இழுக்கும்போது வயிறு மேல வரணும், அந்த இடம் உள்ள போகக்கூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் குழி விழுந்தா, மூக்கு மடல் விரிஞ்சு விரிஞ்சு அடிச்சா, முனகல் கேட்டா, சும்மா இருக்கும்போதே தொண்டையில கரகரன்னு இழுப்புச் சத்தம் வந்தா 108-க்கு அடிங்க. உதடோ நாக்கோ நீலம் பூத்திருந்தா சொல்லவே வேண்டாம்.

வயித்துப்போக்கு, வாந்தின்னா மூத்திரத்தைக் கவனிங்க. டயப்பர் போட்டிருந்தா ராத்திரி எத்தனை தடவை போனான்னு தெரியாது, உடம்பு சரியில்லாத அன்னைக்குத் துணியே கட்டிவிடுங்க. ஆறு, எட்டு மணி நேரமா துணி நனையல, அழுதா கண்ணீர் வரல, கண்ணு உள்ள போயிருச்சு, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா உடனே பழையபடி ஆகாம மடிப்பு நிக்குதுன்னா நீர் வத்திப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடியே ஓஆர்எஸ் பொடியைக் கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா கொடுக்க ஆரம்பிச்சிருங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடுங்க. பொடிதான் வேணும், பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி. அட்டைப் பெட்டியில ஓஆர்எஸ்னு பேர் போட்டு வித்த இனிப்பு பானங்கள் அந்தப் பேரைப் போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்லதான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டுச்சு. அதுல சர்க்கரை ஏகத்துக்கு இருக்கும், வயித்துப்போக்கை அதிகமாக்கும்.

பனங்காடு ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. பாட்டிமார் உச்சந்தலையைத் தடவிப் பார்த்து "உச்சிக்குழி விழுந்திருக்கு"ன்னு சொல்வாங்க. கைக்குழந்தைக்கு அது நீர் வத்தினதோட அடையாளமேதான், டாக்டரும் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார். அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன். ஆனா அதைக் கண்டுபிடிச்சதும் ஓஆர்எஸ்ஸோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். தொக்கம் எடுக்க அடுத்த ஊருக்குப் போய், காத்திருந்து, குழல் வச்சு ஊதி, தொண்டையில கை விட்டு, "இப்ப சரியாயிரும்"னு வீட்டுக்கு வந்து பார்க்கிறதுக்குள்ள பாதி நாள் போயிருது. மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு அந்தப் பாதி நாள் கிடையாது ஐயா. மயங்கிக் கிடக்கிற பிள்ளைக்குச் சங்குல கஷாயம் புகட்டுறதும் வேண்டவே வேண்டாம், அது நேரா நுரையீரலுக்குள்ள போயிரும்.

இது மழைக்காலம், டெங்குவைச் சொல்லாம முடிக்க மாட்டேன். ஒரு ராத்திரி நாலு வயசுப் பெண்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க. "நாலு நாளா காய்ச்சல், இன்னைக்குக் காலையில இருந்து விட்டிருச்சு, ஆனா வயித்து வலிங்கிறா, வந்ததுக்குக் காட்டிட்டுப் போகலாம்"னாங்க. பிள்ளை கையைப் பிடிச்சா ஐஸ் மாதிரி இருந்துச்சு. நகத்தை அமுக்கி விட்டேன், வெளுத்த இடம் சிவக்க நாலஞ்சு செகண்ட் ஆச்சு. ரெண்டு செகண்டுக்குள்ள திரும்பணும். நாடி கைக்குச் சரியாச் சிக்கல. டாக்டரைக் கூப்பிட்டு உடனே சலைன் ஏத்தினோம். ராத்திரி பூரா அந்தப் படுக்கையைச் சுத்தியே நின்னோம், பிள்ளை பிழைச்சுக்கிட்டா. ஆனா அந்த அம்மா "காய்ச்சல்தான் விட்டிருச்சே"ன்னு வீட்டுல படுக்கப் போட்டிருந்தா?

டெங்குல காய்ச்சல் இறங்குற நேரம்தான் கண்டம். மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாளுக்குள்ள, சூடு குறையும்போது ரத்தக் குழாய்ல இருந்து நீர் வெளிய கசியும். ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். வீட்டுல எல்லாரும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பிடிச்சுக்கிட்டு, பப்பாளி இலைச் சாறு தேடி அலைவாங்க. எண்ணிக்கை குறைஞ்சும் பிள்ளை நல்லா இருக்கிறதைப் பார்த்திருக்கேன். நீங்க பார்க்க வேண்டியது வேற: விடாத வயித்து வலி, அடிக்கடி வாந்தி, ஈறுலயோ மூக்குலயோ ரத்தம், கருப்பு மலம், கை கால் சில்லுன்னு ஆகுறது, பிள்ளை காரணமில்லாம நிலைகொள்ளாம புரள்றது, இல்லன்னா அசந்து போறது. இதுல எது வந்தாலும் காய்ச்சல் இல்லாட்டியும் ஓடுங்க. டெங்கு இல்லன்னு உறுதியாகுற வரைக்கும் பாராசிட்டமால் தவிர ஐபுப்ரொஃபென், மெஃபனமிக் ஆசிட் கலந்த காய்ச்சல் மருந்து கொடுக்காதீங்க, ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

உடம்புல சிவப்போ ஊதாவோ புள்ளி வந்தா ஒரு கண்ணாடி டம்ளரோட பக்கத்தை அது மேல வச்சு அமுக்கிப் பாருங்க. அமுக்கியும் நிறம் மறையலைன்னா விடியக் காத்திருக்கக்கூடாது.

மாமா என்ன சொல்வாங்கங்கிறதைப் பத்தி. ராத்திரி பதினோரு மணிக்கு வாதாட முடியாது. பிள்ளை நல்லா இருக்கிற ஒரு பகல்ல அத்தை, மாமா ரெண்டு பேரையும் உக்கார வச்சு, "இன்ன இன்ன இருந்தா நான் கிளம்பிருவேன், உங்க மகன் போன் எடுத்தாலும் எடுக்காட்டியும் கிளம்பிருவேன்"னு சொல்லி வச்சிருங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் முன்கூட்டியே பேசி, அவரையே மாமாகிட்டச் சொல்லச் சொல்லுங்க. போய்ப் பார்த்து "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லி அனுப்பினா அது நல்ல செய்தி. வார்டுல இருந்த காலத்துல அப்படித் திருப்பி அனுப்பின எந்தத் தாயையும் நாங்க குறைவா நினைச்சதில்ல.

மதுரைமல்லி_வீடு எழுதியது:

சிஸ்டர், வலிப்பு வந்தா என்ன பண்ணணும்னும் சொல்லுங்களேன். போன வருஷம் என் மகளுக்கு ரெண்டு வயசுல காய்ச்சல் ஏறும்போது கண்ணு செருகி, கை காலெல்லாம் வெட்டி இழுத்துச்சு. சுத்தி நின்னவங்க கையில இரும்புச் சாவியைத் திணிச்சாங்க, ஒருத்தர் பல்லுக்கு நடுவுல ஸ்பூனை வைக்க வந்தார். ஒரு நிமிஷத்துல அதுவே நின்னுச்சு, ஆனா எனக்கு இன்னும் அந்தப் பயம் போகல.

இரவுப்பணி_சிஸ்டர் எழுதியது:

பார்க்கிறவங்களுக்கு உயிரே போயிரும்மா, தெரியும். ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள காய்ச்சலோட வர்ற வலிப்பு பெரும்பாலும் சில நிமிஷத்துல தானா நின்னுரும், மூளையைக் கெடுக்காது. அப்போ பிள்ளையைத் தரையில ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எச்சிலும் வாந்தியும் வெளிய வழியட்டும். கழுத்துப் பட்டனைக் கழட்டுங்க. வாயில எதையும் வைக்காதீங்க, விரலும் ஸ்பூனும் தண்ணியும் மருந்தும் எதுவுமே வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். சாவியால வலிப்பு நிக்காது, நிக்க வேண்டிய நேரத்துல நின்னுச்சு, அவ்வளவுதான். கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா மருந்து கொடுத்து நிறுத்தியாகணும், அதனால ஆரம்பிச்ச உடனே ஒரு ஆளை 108-க்குப் பேசச் சொல்லிருங்க. முதல் தடவை வலிப்புன்னா தானா நின்னாலும் அன்னைக்கே காட்டணும். நின்ன பிறகும் பிள்ளை தெளியலைன்னா, ஒரே நாள்ல மறுபடி வந்தா, கழுத்து விறைச்சிருந்தா மூளைக்காய்ச்சலான்னு பார்க்க வேண்டியிருக்கும்.

கரிசல்காட்டு_அம்மா எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. அத்தைக்கும் வாசிச்சுக் காட்டினேன். உச்சிக்குழி பத்தி நீங்க எழுதினதைக் கேட்டு, "அந்த நர்ஸம்மா விவரமானவங்க"ன்னாங்க. மாமாகிட்ட அவங்களே பேசுறேன்னு சொல்லிட்டாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். சளி பிடிச்சா மெடிக்கல்ல ஒரு இருமல் சிரப் கொடுப்பாங்க, வீட்டுல பாதி பாட்டில் இருக்கு, அதைக் கொடுக்கலாமா? கொரோனா சமயத்துல வாங்கின விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கருவியும் இருக்கு. அதை வச்சுப் பார்த்தா போதாதா?

இரவுப்பணி_சிஸ்டர் எழுதியது:

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டிருங்க தங்கச்சி. 2025-ல மத்தியப் பிரதேசத்துல இருமல் மருந்து குடிச்சுக் குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோச்சுங்க. அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற நச்சு கலந்திருந்துச்சு, தயாரிச்சது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. நச்சு கலக்காத நல்ல மருந்தா இருந்தாலும் ரெண்டு வயசுக்குள்ள இருமல், சளி சிரப் தரக்கூடாதுன்னு அப்பவே மத்திய சுகாதாரத் துறை திரும்பவும் சொல்லுச்சு. மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணிச் சொட்டு போதும், தாய்ப்பால் இன்னும் கொடுத்தா அடிக்கடி கொடுங்க.

கருவி பெரியவங்க விரலுக்குச் செஞ்சது. உங்க பையன் விரல் அதுக்குள்ள சரியா உக்காராது, கை ஆட்டினா எண்ணும் ஆடும். 97 காட்டுதுன்னு நம்பி நெஞ்சு குழி விழுற பிள்ளையை வீட்டுல வச்சிராதீங்க. 90-க்குக் கீழ காட்டினா கருவி கோளாறுன்னும் விட்டிராதீங்க. அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்க. இப்ப அவன் நல்லா இருக்கான்ல? தூங்கும்போது ஒருதடவை மூச்சை எண்ணிப் பழகுங்க. நல்லா இருக்கும்போது எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் காய்ச்சல் அன்னைக்கு வித்தியாசம் கண்ணுல படும்.

கரிசல்காட்டு_அம்மா எழுதியது:

இப்பதான் எண்ணினேன் அக்கா. 26. அத்தையும் எண்ணினாங்க, அவங்களுக்கு 27 வந்துச்சு.

இரவுப்பணி_சிஸ்டர் எழுதியது:

ரெண்டு பேரும் சரியாத்தான் எண்ணியிருக்கீங்க. தடுப்பூசி அட்டைக்குப் பின்னாடி தேதியோட எழுதி வைங்க, அவன் எடையையும் சேர்த்து எழுதுங்க. எடை மாறினா மருந்து அளவும் மாறும். ராத்திரி வர்ற ஆட்டோக்காரர் நம்பரும் அதுலயே இருக்கட்டும். 108-க்குப் பேசும்போது ஊர்ப் பேரோட, மெயின் ரோட்டுல இருந்து திரும்புற இடத்துல என்ன கோயில், என்ன கடைன்னு சேர்த்துச் சொல்லணும், மாமாவை டார்ச் லைட்டோட அங்க நிக்கச் சொல்லுங்க.